மகள் பெயரில் திறந்துகொண்ட கணினி

என் மகளின் அலுவலக உரையாடல்களை மூன்று வாரம் அவளுக்குத் தெரியாமல் படித்தேன். படித்ததோடு நிற்கவில்லை. அதில் ஒன்றை எடுத்து வெளியே கொடுத்தேன். அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

மலேசியாவில் கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் நான். படித்து அரசாங்க எழுத்தராகி, ஓய்வு பெற்றபின் சிலிபினில் குடியிருக்கிறேன். மகள் ஈப்போவில் ஒரு வீடமைப்பு நிறுவனத்தில் வரைபடம் போடுகிறாள். எங்கள் பழைய தோட்டத்தை வாங்கியதும் அதே நிறுவனம்தான். லயங்கள் போய்விட்டன, மரத்தடி முனியாண்டி கோயில் மட்டும் மீதி. அந்தக் கோயில் கமிட்டியில் நான் ஆலோசகர். அதனால் வீட்டில் அந்த நிலத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்று இருவரும் முடிவு செய்திருந்தோம். அவள் அதைக் காப்பாற்றினாள்.

அவளுடைய கணினி பழுதாகி, ஒரு வாரம் என் வீட்டுக்கு வந்து என்னுடையதில் வேலை செய்தாள். இந்த அலுவலகக் கணக்கைக் கணினி முழுவதற்கும் பயன்படுத்தலாமா என்று மென்பொருள் கேட்டிருக்கிறது. அவசரத்தில் ‘சரி’ அழுத்திவிட்டாள். அதன்பின் நான் செய்தித்தாள் படிக்கக் கணினியைத் திறந்தாலே, அவள் பெயரோடும் படத்தோடும் அலுவலக உரையாடல் தானாக வந்து நின்றது. முதல் நாள் ‘வெளியேறு’ அழுத்தினேன். மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த நிலத்தைப் பற்றி ஏதாவது வருமா என்று பார்க்க உட்கார்ந்தேன்.

யார் விடுமுறை, யாருக்குப் பிறந்தநாள் கேக் என்றுதான் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது வாரம் ஒரு வரைபடம் வந்தது. புதிய வீடுகளின் கழிவுநீர்க் குளத்தை ஒட்டி ஒரு சிறு சதுரம். அதில் ‘கோயில்’ என்று எழுதியிருந்தது. கோயில் இப்போது இருக்கும் மரத்தடியில் சாலை ஓடியது. கைப்பேசியில் திரையைப் படம் பிடித்து, கமிட்டிச் செயலாளரிடம் கொண்டுபோனேன். அவர் என் லயத்து நண்பர்; லாரி ஓட்டி ஓய்ந்தவர். ஒட்டுக்கடையில் தேநீரைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தார்.

“யாரு குடுத்தா மச்சான்?”

“அத கேக்காத. உறுதியான சேதி.”

“சாமிக்கு கக்கூஸ் குளத்துப் பக்கமா வீடு? நம்ம லயத்துல கூட கக்கூஸு தள்ளித்தான் லா இருந்துச்சி!”

நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த வாரமே அதே படத்தைப் பெரிதாக அச்சடித்துப் பிடித்துக்கொண்டு, கமிட்டி ஆட்கள் நிறுவன வாசலில் நின்றார்கள். ஞாயிறு மகள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே சொன்னாள்.

“ப்பா, அந்தப் படம் ஆபீஸ்ல நாலு பேருக்குத்தான் வந்துச்சி. நான் தொறக்கறதுக்கு முன்னாலயே என் பேர்ல படிச்சாச்சுன்னு காட்டுது. நான் அப்ப சைட்ல வெயில்ல நிக்கிறேன். பைத்தியம் புடிக்கிற மாரி இருக்கு.”

“ஆபீஸ்ல யாருக்காச்சும் பாஸ்வேர்ட சொல்லியிருப்பியாம்மா?” என்றேன்.

“பக்கத்துல உக்கார்ற பொண்ண சந்தேகப்படச் சொல்றீங்களா?”

நான் செய்ததிலேயே மிகக் கேவலமானது அந்தக் கேள்விதான்.

அவள் போனதும், எவ்வளவு தூரம் மாட்டியிருக்கிறேன் என்று பார்க்கக் கணினியைத் திறந்தேன். முதல்முறையாகப் பழைய பகுதிக்கு மேலே போனேன். நான் படிக்கத் தொடங்குவதற்கு முந்தியே அவள் மேலாளருக்கு வேறொரு வரைபடம் அனுப்பியிருந்தாள். அதில் கோயில் அதே மரத்தடியில் இருந்தது, சாலைதான் வளைந்துபோனது. ‘என் அப்பாவுக்கு முதல் முடி இறக்கிய இடம் இது. சாலையைக் கொஞ்சம் வளைத்தால் போதும்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். குளத்தோரப் படம் தயாரானதும் இரண்டையும் இயக்குநர் கூட்டத்துக்குக் கொண்டுபோவதாக மேலாளர் பதில் எழுதியிருந்தார். கீழே, மேலாளரின் கடைசிச் செய்தி: படம் வெளியே போன விசாரணை முடியும்வரை உன் படத்தைக் கூட்டத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

உடனே அவளைக் கைப்பேசியில் கூப்பிட்டேன்.

“உன் கணக்கு என் கம்ப்யூட்டர்லதாம்மா தொறந்து கெடக்கு. படத்த வெளிய குடுத்தது நான்.”

தெரியாத ஆளுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள். “செட்டிங்ஸ் தொறங்க. கணக்குங்கற எடத்துல, வேலை அல்லது பள்ளின்னு இருக்கும். அதுல என் பேரு. துண்டிக்கச் சொல்லுங்க. அந்த சாஃப்ட்வேர் தானா தொடங்கறதையும் நிப்பாட்டுங்க.”

செய்தேன்.

“கம்ப்யூட்டர ஒருக்கா அடச்சித் தொறங்க.”

திறந்தேன். திரையில் எதுவும் வரவில்லை.

“வரலம்மா.”

வைத்துவிட்டாள். என் கணினியில் எல்லாமாகப் பத்து நிமிட வேலை அது.

மறுநாள் கையெழுத்திட்ட கடிதத்தோடு மேலாளரைப் பார்த்தேன். அவர் என் மகள் வயதுச் சீனப் பெண். முழுக்கப் படித்துவிட்டு, உங்கள் மகள் திருடியில்லை என்று இப்போது தெரிகிறது, ஆனாலும் அலுவலகக் கணக்கை வேறொருவர் கணினியில் விட்டது அவள் தவறுதான் என்றார். வேலை தப்பியது. அவளைத் தூரத்து லூமுட் கிளைக்கு மாற்றினார்கள். அவள் வரைந்த படம் கூட்டத்துக்குப் போகவேயில்லை.

கமிட்டியிலும் எல்லாவற்றையும் சொல்லி விலகினேன். யாரும் என்னைத் திட்டவில்லை. செயலாளர் மட்டும், “மகள வித்தா மச்சான் அந்தப் படத்த வாங்கின?” என்று கேட்டார். கோயில் கழிவுநீர்க் குளத்தோரமே போய்விட்டது. கற்பூரம் அணைந்ததும் குளத்து வாடை வருகிறது.

இந்தத் தீபாவளிக்கு மகள் வந்திருந்தாள். முறுக்கு சாப்பிட்டாள், என் இரத்த அழுத்தத்தைக் கேட்டாள். மத்தியானம் அலுவலகத்துக்கு ஏதோ அவசரமாக அனுப்ப வேண்டியிருந்தது. என் கணினியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

“வேணாம்பா. போன்லயே பாத்துக்கறேன்.”

கோபமில்லாமல்தான் சொன்னாள். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு, திரை என் கண்ணில் படாதபடி எழுதத் தொடங்கினாள்.