பத்மாசினி மாற்றிய காபிக் கலவை

யாருடைய கையைப் பிடித்தாலும் பத்மாசினியின் விரல்கள் தானாக மணிக்கட்டுக்குப் போய்விடும். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து ஹெட் நர்ஸாக ஓய்வு பெற்றவள். சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண் ஊரார் பெட்பேனை எடுப்பதா என்று அந்தக் காலத்தில் சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு ஊசி போட்டுக்கொள்ளவும் பிரஷர் பார்க்கவும் அவர்களே தெற்கு மாசி வீதிப் பக்கம் இருந்த அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவள் யாரையும் குத்திக்காட்டியதில்லை. அதற்கெல்லாம் நேரமில்லை.

அவள் ஓய்வு பெற்ற மறு வருஷம், தொண்ணூற்றெட்டில், கணவர் ராமமூர்த்திக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. நூல் கடை வைத்திருந்தவர். ராத்திரியெல்லாம் புரள்வார், பகலில் கல்லாவில் தூங்கி வழிவார். பத்மாசினி நாடி பார்த்தாள். நடுவில் ஒரு துடிப்பு விட்டுப்போய், அடுத்தது துள்ளிக்கொண்டு வந்தது. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டர், பயப்பட ஒன்றுமில்லை, காபியைக் குறையுங்கள் என்றார்.

ராமமூர்த்தி ஒரு வேளைக் காபியைக் குறைத்துக்கொண்டார். ஆனால் குற்றம் காபியுடையது என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அராபிகாத் தூளில் கலக்கிற கால் பங்கு சிக்கரிதான் கெடுக்கிறது என்று முடிவுகட்டினார். கலப்படம் ஒழிந்தால் நல்லதுதானே என்று பத்மாசினியும் தலையாட்டிவிட்டாள்.

அவர்கள் தூள் வாங்கும் கடையில் அரைக்கிற மெஷின் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. வாங்க வருகிறவர் தன் கலவையைக் கத்திச் சொல்லவேண்டும். கடைக்காரர் பால்பாண்டி அதைத் திருப்பிக் கத்தி உறுதிசெய்துகொள்வார். ஆகவே எந்த வீட்டில் எவ்வளவு சிக்கரி என்பது அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். சிக்கரி வேண்டாம் என்பவருக்கு அங்கே ஒரு தனி மதிப்பு.

"முழுக்க ரொபஸ்டாக் கொட்டை, திக்கா இருக்கணும். சிக்கரி பேச்சே கூடாது" என்று ராமமூர்த்தி கத்தினார். அதோடு நிற்காமல், "சிக்கரி நெஞ்சுக்கு ஆகாதுய்யா" என்று வரிசையில் நின்றவர்களுக்குப் பாடமும் நடத்தினார். அவரோடு தினமும் பேப்பர் படிக்கிற கண்ணுச்சாமி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அன்றே சிக்கரியை விட்டார்.

படபடப்பு குறையவில்லை, கூடியது. அடுத்த தடவை போனபோது, இன்னும் ஒரு மாசம் பார்ப்போம், அடங்காவிட்டால் காபியே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அப்புறம் காலையில எதுக்கு எந்திரிக்கணும்?" என்றார் ராமமூர்த்தி, வீட்டுக்கு வரும் வழியில்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று பத்மாசினிக்குத் தெரிந்தது. நாக்குக்குப் பிடித்த ஒன்றைப் பறித்ததும் சோற்றையே வெறுத்துவிட்ட ஆண்களை அவள் வார்டில் பார்த்திருக்கிறாள்.

அந்த மாசமே ஒரு கல்யாணத்துக்காகப் பரமக்குடியில் நாத்தனார் ஹம்சவேணி வீட்டில் தங்கினார்கள். அங்கே காபி கன்னங்கரேலென்று இருந்தது. "கருப்பட்டித் தண்ணி" என்று ராமமூர்த்தி முணுமுணுத்துக்கொண்டே குடித்தார். ஆனால் இருந்த நாளெல்லாம் குறட்டை விட்டுத் தூங்கினார். நாடி பிசகாமல் ஓடியது. ஊர் திரும்பியதும் பழையபடி புரளல்.

பத்மாசினி நாத்தனாருக்குப் போன் போட்டாள். "ஏன் ஹம்சா, தூள்ல என்னதான் கலக்கிற?"

"பாதிக்குப் பாதி சிக்கரி. வீட்ல இம்புட்டு ஆள், வேற எப்பிடிக் கட்டுப்படியாகும்? அண்ணன் குறை சொன்னாரா?"

"குறையெல்லாம் இல்ல. தூங்கினாரு."

அடுத்து, தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாக இருந்த ஒரு அம்மாவைக் கேட்டாள். சிக்கரி வெறும் வேர், அதில் காஃபீன் கிடையாது. ரொபஸ்டாவில் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன். காஃபீனை எடுத்துவிட்ட தூளும் வெளிநாட்டில் உண்டு, இங்கே கிடைப்பது கஷ்டம் என்றார் அந்த அம்மா. ஆக, ராமமூர்த்தி ஒரு வேளையைக் குறைத்துவிட்டு, மிச்ச வேளைகளில் முன்னைவிட அதிகமாகவே ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார். முப்பது வருஷம் மருந்து அளந்து கொடுத்தவள் இதை அளக்காமல் விட்டுவிட்டோமே என்று பத்மாசினிக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அவருக்குத் தெரியாமல் சிக்கரியைக் கலந்து கொடுத்திருக்கலாம். ஆனால் நோயாளியிடம் சொல்லாமல் மருந்து கொடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. நேராகச் சொன்னாள்.

"கடையில போய் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சிக்கரி கேக்கறது? நீ போய் வாங்கிட்டு வா."

"இருக்கிற மூஞ்சியை வச்சுக்கிட்டுத்தான். கடை பூரா பிரசங்கம் பண்ணினது நீங்க. நான் கூட வாரேன், கேக்க மாட்டேன்."

சனிக்கிழமை காலை, கடையில் கூட்டம். கண்ணுச்சாமி முன்னாலேயே நின்றிருந்தார். ராமமூர்த்தி தன் முறை வந்ததும் பால்பாண்டியின் காதருகே குனிந்து சொன்னார்.

"சத்தமாச் சொல்லுங்கண்ணே, மெஷின் ஓடுதுல்ல."

ராமமூர்த்தி திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் தூக்குப்பையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வேறு வழியில்லை.

"அராபிகா பாதி, சிக்கரி பாதி."

"அராபிகா பாதி, சிக்கரி பாதி" என்று பால்பாண்டி கடை அதிரத் திருப்பிச் சொன்னார்.

கண்ணுச்சாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன மூர்த்தி அண்ணே, சிக்கரி நெஞ்சுக்கு ஆகாதுன்னீக?"

"தப்பாச் சொல்லிட்டேன்ப்பா. எனக்கு அது இல்லாமத்தான் ஆகலை."

"நல்லாச் சொன்னீக போங்க. உங்க பேச்சைக் கேட்டு நானும் ராத்திரி பூரா முழிச்சுக் கெடக்கேன். எம் பொண்டாட்டி, வீட்டுக்கு வாட்ச்மேன் வேண்டியதில்லைங்கிறா." அவர் கையிலிருந்த பொட்டலத்தைக் கல்லாவில் திருப்பி வைத்தார். "பால்பாண்டி, இதுல சிக்கரியைப் போட்டுக் குடுப்பா."

மறுநாள் முதல் டம்ளரை ராமமூர்த்தி முகத்தைக் கோணிக்கொண்டு குடித்தார். "கருப்பட்டித் தண்ணி."

"குடிக்கிறதுக்கு இதாவது இருக்கு" என்றாள் பத்மாசினி.

டாக்டர் சொன்ன மாசம் முடிய இரண்டு நாள் இருந்தபோது, காலி டம்ளரை வாங்குகிற சாக்கில் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். துடிப்பு ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

"என்ன சொல்லுது?"

"நாளைக்கும் பாத்துட்டுச் சொல்றேன்" என்று டம்ளரைக் கழுவப் போனாள்.