மாலே சுங்கத்தில் என் பிள்ளையார்

மாலே விமான நிலையத்தில் என் பிள்ளையாரை உடைத்தார்கள், என்னை ஓர் அறையில் அடைத்தார்கள் என்று எங்கள் ஊர் செங்கல்பட்டில் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் பொய். நடந்ததை எழுதுகிறேன். மாலத்தீவுக்குப் போகிறவர்களுக்கும் பயன்படும்.

கணவர் காலமான பிறகு நான் தனியாகச் செய்த முதல் வெளிநாட்டுப் பயணம் இது, 2007 பிப்ரவரியில். மகள் மாலேயில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. புது வீட்டுக்குக் குடிபோயிருந்தாள். அவளுக்காக மாமல்லபுரத்தில் நானே நின்று தேர்ந்தெடுத்த ஒரு சாண் உயரக் கருங்கல் பிள்ளையாரை, துண்டில் சுற்றிக் கைப்பெட்டியில் வைத்தேன். விலை அறுநூறு ரூபாய். காலை ஐந்து மணிக்கு வாடகைக் கார். மீனம்பாக்கம் வரை நாற்பது கிலோமீட்டர்.

"இன்னாம்மா, பொட்டில கல்லா வச்சிக்கீற?" என்றார் ஓட்டுநர், தூக்கும்போது.

"கல்லுதான்" என்றேன். சிரித்தார், நம்பவில்லை.

திருவனந்தபுரத்தில் விமானம் மாறி, ஒன்றேகால் மணி நேரம். நடுவில் வருகை அட்டை கொடுத்தார்கள். கான்வென்டில் படித்தவள் நான். பின்பக்கம் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள் கொண்டுவரக் கூடாது என்றிருந்தது.

பக்கத்து இருக்கைக்காரருக்குச் செய்யூர். மாலேயில் கொத்தனார் வேலை. பெட்டியில் பிள்ளையார் இருப்பதை அவரிடம் சொன்னேன். "பேஜாராவாதம்மா. பொட்டிய தொறக்கச் சொன்னா மயக்கம் வந்தா மாரி வியுந்துடு. வுட்டுருவாங்க."

"நான் விழுந்தா என் பொண்ணு வேலையும் போயிடும்ப்பா" என்றேன். அவள் ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது.

இறங்கியதும் சுங்க அதிகாரியிடம் நானே சொன்னேன். இளைஞர். சிலையை இரண்டு கைகளாலும் எடுத்துப் பார்த்து, அதே துண்டில் சுற்றி வைத்து, ரசீது கொடுத்தார். "திரும்பும்போது வாங்கிக்கொள்ளுங்கள், மேடம். முதலிலேயே சொன்னது நல்லது" என்றார் ஆங்கிலத்தில். அந்தப் பதினைந்து நிமிடமும் உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர். அந்த நாற்காலிதான் ஊரில் சிறையாகிவிட்டது போலிருக்கிறது.

இரண்டு வாரம் கழித்துக் கிளம்பிய அன்று, தும்பிக்கை நுனிகூடக் குறையாமல் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு என் நன்றி.

போகிறவர்கள் பரிசாகக்கூடச் சிலை கொண்டுபோகாதீர்கள். கடற்கரையில் பவளம் பொறுக்காதீர்கள். அதைக் கொண்டுவருவதும் குற்றம். மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டு வைத்திருங்கள். மாலே தெருக்களில் தோளும் முழங்காலும் மூடிய உடை நல்லது. சந்தேகமிருந்தால் அவர்கள் கேட்குமுன் நீங்களே கேளுங்கள்.

மகளுடன் வேலை பார்ப்பவர்களில் இருவர் நம் ஊர்க்காரர்கள். உடைத்தார்கள், அடைத்தார்கள் என்ற பேச்சு அவர்கள் வழியாகப் பள்ளிக்கு எட்டினால், அவள் தாய் அந்த நாட்டின்மேல் பழி சொல்கிறாள் என்றாகும். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் நெருங்குகிறது. இந்தக் கதையை யாரிடமாவது சொல்லியிருந்தால், அது தவறென்று அவர்களிடமே சொல்லிவிடுங்கள். யாரிடம் சொன்னீர்கள் என்பதை இங்கே, கீழே, எனக்குப் பதில் எழுதுங்கள்.