நான் பொறுமையானவள்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது வெளிநாட்டில். பதினெட்டு வருடம் வளைகுடாவில் குழாய் பொருத்தும் வேலை, கடைசி ஐந்து வருடம் போர்மேன். ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது செருப்பு காலில் நிற்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். குனிந்து பார்ப்பதற்குள் விழுந்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து நண்பர் ஒருவர் கூடவே வந்து இரணியலில் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். வலது கையைத் தூக்க வராது, வலது காலை இழுத்து நடப்பார். அறிவு தெளிவாக இருந்தது. பேச்சுதான் கெட்டுப்போயிருந்தது. சொல்ல நினைத்தது வாய்க்கு வருவதற்குள் பாதி கரைந்துவிடும்.

நான் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. கல்யாணத்துக்கு முன் படித்த பி.காம். சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டு நாகர்கோவில் வடசேரியில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனேன். வருகிறவர்களின் பெயரைப் பதிந்து, டோக்கன் கொடுத்து, உட்கார வைக்கிற வேலை. பகலில் அவரைப் பக்கத்து வீட்டில் இருக்கும் அவருடைய அக்கா பார்த்துக்கொண்டார்.

முதல் வாரம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாலே விரல் விறைத்துவிடும். போன் அடித்தால் வேறு யாராவது எடுக்கட்டும் என்று இருப்பேன். ஒரு அம்மாவின் வயதை எண்பத்தாறுக்குப் பதில் அறுபத்தெட்டு என்று அடித்து, அது ரிப்போர்ட் வரைக்கும் போய்விட்டது. என்னால் ஒன்றும் ஆகாது என்று நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை ஊட்டியவர் அவர்தான் என்றும் நினைத்தேன். வெளிநாட்டிலிருந்து கூப்பிடும்போதெல்லாம், "ஒனக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொல்லுகத மட்டும் செய்" என்பார். கேஸ் சிலிண்டர் பதிவதில் தொடங்கி மகளைச் சேர்க்கும் பள்ளிக்கூடம் வரைக்கும் அவர் சொன்னதுதான்.

சென்டர் முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கெல்லாம் ஒரு பயிற்சி ஏற்பாடு செய்தார். வந்த பயிற்சியாளர், மனசுக்குள் ஓடும் வாக்கியத்தை மாற்றினால் ஆளே மாறிவிடலாம் என்றார். அதற்கு விதிகளும் வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் காலையில் கண்ணாடி முன் நின்று, தன் கண்ணைத் தானே பார்த்து, சத்தமாகச் சொல்ல வேண்டும். 'மாட்டேன்', 'கூடாது' என்ற சொற்கள் வரவே கூடாது. ஆக விரும்புவதை ஏற்கெனவே ஆகிவிட்டதாகச் சொல்ல வேண்டும். நான் இரண்டு வாக்கியம் எழுதினேன். ஒன்று, 'என்னால் முடியும்.' அது வேலைக்கு. இன்னொன்று, 'நான் பொறுமையானவள்.' அது வீட்டுக்கு.

வீட்டில் என் வாய் கெட்டுப்போயிருந்தது. அவர் ஒரு சொல்லைத் தொடங்கி நிறுத்துவார், மறுபடி தொடங்குவார். எனக்கு ஏழரை மணி பஸ். "என்னன்னு சொல்லித் தொலைங்க" என்று கத்துவேன். கத்தியதும் அவருக்கு இருக்கிற சொல்லும் போய்விடும். அதைப் பார்த்து இன்னும் கத்துவேன். முதலில் அலுப்பில் வந்ததுதான். பிறகு பழக்கமாகிவிட்டது. அவர் வாய் திறந்தாலே எனக்கு எரிச்சல் தயாராக இருந்தது.

காகிதத்தை அறைக் கண்ணாடியில் ஒட்டி, தினமும் பத்துப் பத்துத் தடவை சொன்னேன். முதல் வாக்கியம் பலித்தது. அதை நான் மறுக்க முடியாது. இரண்டு மாதத்தில் போனை முதல் மணியிலேயே எடுத்தேன். டாக்டர் கோபப்பட்டாலும் நிதானமாகப் பதில் சொன்னேன். பயந்துபோய் வருகிறவர்களிடம், "ஒண்ணும் இல்ல, அஞ்சு நிமிசம்தான், இரிங்க" என்று நான் சொன்னால் அவர்கள் முகம் தெளியும். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதை வீட்டு வாசல் வரைக்கும்கூட நான் கொண்டுவந்ததில்லை.

இரண்டாவது வாக்கியத்தையும் விடாமல் சொன்னேன். அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். அதற்கு அந்தப் பக்கம் அவருடைய நாற்காலி. அவர் காதில் விழும் என்று ஒரு நாளும் நான் யோசிக்கவில்லை.

எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம். அவருக்கு நாக்கு மடங்காது. ஒரு நாள் காலை நான் புறப்படும் நேரத்தில், "வெல்லம்" என்றார். தண்ணீர்தான் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். முந்தின நாளும் அப்படித்தான் கேட்டிருந்தார். நான் அடுக்களைக்குப் போய், பாயசத்துக்கு வாங்கி வைத்திருந்த வெல்லத்தில் ஒரு துண்டை எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன். "கேட்டத தந்தாச்சு" என்றேன். பிறகு அவர் சொன்ன மாதிரியே வாயைக் கோணிக்கொண்டு, "வெல்லம், வெல்லம்" என்று சொல்லிக் காட்டினேன்.

அவர் அந்தத் துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடது கையால் வாயில் வைத்துக் கடித்தார். என்னைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டாவது படிக்கும் மகள் யூனிபார்மோடு நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அவள்தான் தண்ணீர் மோந்து கொடுத்தாள். பஸ் ஸ்டாப்புக்கு என் கூட நடந்து வரும்போது, "அம்மா, சென்டர்ல வாற ஆளுவகிட்ட பேசுகது மாதிரி அப்பாகிட்ட ஒரு நாளு பேசிப் பாரேன்" என்றாள். உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை. மறுநாள் காலையிலும் கண்ணாடி முன் நின்று நான் பொறுமையானவள் என்று பத்துத் தடவை சொன்னேன். சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

பேச்சுப் பயிற்சிக்கு மாதம் இரண்டு தடவை அவரை நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். பயிற்சி கொடுப்பது ஒரு இளம்பெண், நல்ல பொறுமைசாலி. வெல்லம் கொடுத்துப் பத்து நாள் இருக்கும். அன்றைக்கு அந்தப் பெண் தனிச் சொற்கள் போதும் என்று சொல்லி, "அங்கிள், இன்னைக்கு ஒரு முழு வாக்கியம் சொல்லுங்க. வீட்டுல தினமும் கேக்குற எதையாவது சொல்லுங்க, சுலபமா வரும்" என்றாள்.

அவர் கண்ணை மூடினார். உதடு இரண்டு தடவை அசைந்தது. பிறகு, "நான் பொறுமையானவல்" என்றார். ள மட்டும் வரவில்லை.

பக்கவாதம் வந்தபிறகு அவர் வாயிலிருந்து அறுபடாமல் வந்த முதல் வாக்கியம் அது. அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம். "ரொம்ப நல்லா வந்திருக்கு அங்கிள். ஆனா நீங்க பொறுமையானவன்னு சொல்லணும்" என்று திருத்தினாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். இடது கையை மெதுவாகத் தூக்கி என்னைக் காட்டினார். "அவ" என்றார்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி, நீங்க எவ்வளவு பொறுமையா பாத்துக்கிட்டா அங்கிள் இத மொத வாக்கியமா சொல்லுவாரு" என்றாள். வீட்டில் இருப்பவர்கள் இப்படி இருந்தால்தான் பேச்சு திரும்பும் என்றும், எல்லா வீட்டிலும் இது அமைவதில்லை என்றும் சொன்னாள்.

நான் தலையசைத்தேன். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பேசாமலாவது இருந்திருக்கலாம். சென்டரில் பழகிய சிரிப்போடு அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். அதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வெல்லத்தை நினைக்கும்போது வருவதைவிட அந்தத் தலையசைப்பை நினைக்கும்போதுதான் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் இரணியல் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தோம். "என்னைக் களியாக்கினீங்களா?" என்று கேட்டேன். கேலி செய்திருந்தால் நல்லது என்று இருந்தது. அவர் திருப்பி அடித்ததாக ஆகும். எனக்கும் கொஞ்சம் கணக்குத் தீரும்.

அவர் பதில் சொல்ல ஒரு பஸ் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகும் நேரம் ஆனது. "இல்ல" என்றார். பிறகு, "தெனமும் கேக்கேன். அதான் வருகு" என்றார்.

அவ்வளவுதான். கேலியும் இல்லை, பாராட்டும் இல்லை. காலைதோறும் காதில் விழுந்து விழுந்து அவர் நாக்குக்குச் சுலபமாகிவிட்ட வாக்கியம், நான் சொன்ன பொய்.

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். நான் அவர் பக்கம் குனிந்து, "அண்ணைக்கு வெள்ளம் கேட்டீங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் செய்தேன்" என்றேன். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் யாரிடமும் சொல்லிக் கேட்டதில்லை. அவர், "தெரியும்" என்றார். முகத்தைப் பஸ் வரும் பக்கம் திருப்பிக்கொண்டார். சமாதானமாகிவிட்டோம் என்று நான் எழுதினால் அது இன்னொரு பொய்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியில் இருந்த காகிதத்தைக் கிழித்தேன். இரண்டு நாள் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள், சும்மா விட்டால் வாய் பழையபடி போகும் என்று தெரிந்தது. நேராக அவர் நாற்காலி முன் போய் நின்று, "இண்ணைக்கு நீங்க சொல்லி முடிக்குகது வர நான் எடையில பேச மாட்டேன்" என்றேன். அந்தப் பயிற்சியாளர் கேட்டிருந்தால் 'மாட்டேன்' வருகிறதே என்று திருத்தியிருப்பார்.

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் காலையில் அதைத்தான் சொல்கிறேன். வாரத்தில் நாலு நாள் முடிகிறது. முடியாத நாளில் அன்று சாயங்காலமே போய், இன்றைக்குக் கத்திவிட்டேன் என்று அவரிடமே சொல்கிறேன். சொல்வது கத்துவதைவிடக் கஷ்டம். அதனாலேயே கத்துவது குறைந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அவர் பேச்சும் தேறியிருக்கிறது. போன வாரம் மீன் குழம்பில் புளி கூடிப்போனதைச் சொல்ல ஆரம்பித்து, தன்னோடு தங்கியிருந்த ஒருவர் அங்கே எப்படிக் குழம்பு வைப்பார் என்பது வரைக்கும் சொல்லி முடித்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. எதையாவது கேட்பதற்கு முன்னால் அவர் என் முகத்தை ஒரு தடவை பார்க்கிறார். பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார். சில நாள் பார்த்துவிட்டு, மகள் வரட்டும் என்று இருந்துவிடுகிறார்.