கண்ணனின் திருக்கரங்கள்

எட்டாம் வகுப்பில் எனக்கு என் கையெழுத்தைப் பற்றிக் கர்வம் ஜாஸ்தி. எழுபதுகளின் கடைசியில் ஆம்பூரில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓவியக் கண்காட்சி வைத்தபோது, எல்லாப் படங்களுக்கும் தலைப்பும் ஒரு வரி விளக்கமும் எழுதி ஒட்டும் பொறுப்பை டிராயிங் மாஸ்டர் என்னிடம்தான் கொடுத்தார். வாழைமரம் வரைந்தவனுக்கு 'இயற்கையின் கொடை', பசுவும் கன்றும் வரைந்தவளுக்கு 'தாய்மை' என்று அட்டை அட்டையாக எழுதித் தள்ளினேன். எதையும் அதன் சொந்தப் பெயரால் சொல்வது மட்டம் என்று அப்போது எனக்கு நினைப்பு.

நாலாவது படித்த என் தங்கை, இரண்டு நீலக் கைகள் சோறு பிசைவதை வரைந்திருந்தாள். அவை அப்பாவின் கைகள். தோல் கம்பெனியில் சாயம் போடுகிற இடத்தில் அவருக்கு வேலை. அந்த மாதம் முழுக்க ஷூவுக்கு நீலத் தோல் போய்க்கொண்டிருந்தது. எத்தனை முறை சோப்பு போட்டாலும் கையிலிருந்து சாயம் போகாது.

"'எங்கப்பா சாப்பிட்றார்'னு எழுதுக்கா" என்று சொல்லிவிட்டுத் தங்கை ஓடிவிட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் வீட்டிலும் இதே வேலைதான். அப்படியும் கூசியது. 'கண்ணனின் திருக்கரங்கள்' என்று எழுதினேன். கீழே, 'ஆயர்பாடியில் மாயவன் தயிர்ச்சோறு உண்ணும் காட்சி.'

கண்காட்சியன்று அந்தப் படத்துக்கு ஏக மரியாதை. ஒரு அம்மாள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாஸ்டர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"உன்னைத்தான் வரைஞ்சிக்கிறேன்" என்று தங்கை முன்பே சொல்லி வைத்திருந்ததால், அப்பா அரைநாள் லீவு போட்டு, வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அப்பா, இது உன் கைதானே? அக்கா வேற இன்னாவோ எழுதிக்கீது பாரு." தங்கை அழ ஆரம்பித்தாள்.

"சும்மா இரு கண்ணு. சாமி படம் அது." பிறகு என் பக்கம் திரும்பினார். "எழுத்து நல்லாக்கீதும்மா."

நல்லவேளை, தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா அம்மாவிடம் ஸ்பூன் கேட்டார். எங்கள் வீட்டில் இருந்தது மருந்து ஊற்றுகிற ஒரே ஒரு சின்ன ஸ்பூன். குழம்புச் சோறு அதில் நிற்காமல் வெள்ளைச் சட்டையில் சிந்தியது. அப்பாவுக்குத் திடீரென்று நாகரிகம் வந்துவிட்டது என்று சொல்லி நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன்.