கதவைச் சாத்திக்கொண்டு பார்த்த லேத்

பிரவுசிங் சென்டர் கேபினுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்ளும் ஆண்கள் என்ன பார்ப்பார்கள் என்று அப்போது திருப்பூருக்கே தெரியும். நான் பார்த்தது லேத். இதைச் சொல்ல இப்போதும் எனக்குக் கூசுகிறது.

பகல் முழுக்க லேத்தில் நிற்கிறவன் நான். தகரக் கொட்டகை, அதில் ஒரே ஒரு லேத். அம்மா எருமைகளை விற்று வாங்கித் தந்தது. நிட்டிங் மிஷின்களுக்கு ஷாஃப்ட், புஷ் என்று சில்லறை வேலைகள். சாயப்பட்டறைக்காரர்கள் நீளமான ரோலரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். வாசலில் நின்று என் லேத்தை ஒரு பார்வை பார்ப்பார்கள். "லேத்து சின்னதுங்க, இதுல கட்ட முடியாதுங்களே" என்று வண்டியைக் கோயமுத்தூருக்குத் திருப்புவார்கள்.

வேலை முடிந்ததும் கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு கேபினுக்குப் போவேன். பரோட்டா மாஸ்டர் கடை அடைத்த பிறகு இன்னொரு கடைக்குப் போய்க் கல்லையே வெறித்துக்கொண்டு நிற்பது போலத்தான், வேறென்ன! எந்த நாட்டிலோ ஒரு லேத், பஸ்ஸை விட நீளம். இரும்பைக் கவ்விச் சுற்றும் அதன் சக் ஆள் உயரத்துக்கு மேல். கப்பலுக்கான ஷாஃப்ட் அதில் நிதானமாகச் சுற்றும், டூல் பட்ட இடத்தில் கட்டை விரல் தடிமனுக்கு நீல இரும்புச் சுருள் கழன்று விழும். வீடியோ பாதியில் நின்று நின்று வரும். அதுவரை வாயைப் பிளந்துகொண்டு காத்திருப்பேன். சென்டர்காரர் காலடி கேட்டால் சட்டென்று வீடியோவை மூடிவிடுவேன். அட கிறுக்கா, லேத்தைப் பார்ப்பதற்கு எதற்கடா திருட்டு முழி என்று என்னையே திட்டிக்கொள்வேன். மறுநாளும் மூடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் தாராபுரத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தோம். எனக்கு அவளை ரொம்பவும் பிடித்துவிட்டது. ஜாதகமும் பொருந்தியது. பெண் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்து கை நனைத்துவிட்டால், அதாவது ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால், சம்பந்தம் முடிவான மாதிரி. அம்மா விடியும் முன்பே எழுந்து சமைக்கத் தொடங்கினாள்.

இலை போடும் நேரத்தில் பெண்ணின் சித்தப்பா என்னை வெளியே தண்ணீர்த் தொட்டி ஓரமாக அழைத்துப் போனார். பிரவுசிங் சென்டருக்கு எதிரில் பனியன் செக்கிங் யூனிட் வைத்திருக்கிறவர் அவர். எனக்கு அதுவரை தெரியாது.

"தப்பா நெனைச்சுக்காதீங்க தம்பி. தெனமும் கதவச் சாத்திட்டு உள்ள என்னங்க பாக்கறீங்க?"

நல்ல மனுஷன், மெதுவாகத்தான் கேட்டார். லேத் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் லேத்காரன் லேத்தைப் பார்க்கக் காசு கொடுக்கிறானா என்று சிரித்துவிட்டால்?

"சும்மா... படமுங்க" என்றேன்.

"என்ன படமுங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் உள்ளே போய்ப் பெண்ணின் அப்பா காதில் ஏதோ சொன்னார். இன்னொரு நாள் வந்து கை நனைத்துக்கொள்கிறோம் என்று எல்லாரும் எழுந்தார்கள். அம்மா கையில் வாழை இலையோடு நின்றாள்.

காரணம் தரகர் வழியாக மாலையில் வந்தது. அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அது தாங்காமல் உண்மையைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. மறுநாள் காலையில் அவளையே கேபினுக்கு அழைத்துப் போனேன். தாயும் மகனுமாக உள்ளே நுழைந்தபோது சென்டர்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்த ஷாஃப்ட் சுற்றுவதைப் பார்த்தாள்.

"இதையா கண்ணு சொல்றதுக்கு வெக்கப்பட்டே?"

நேராகத் தாராபுரம் பஸ் ஏறிவிட்டாள். நான் எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது நான் பட்டறையில் இருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பட்டறைக்குள் அவள் செருப்போடு வந்ததே இல்லை.

"சொல்லிப் பாத்தேன் கண்ணு. அவிய நம்புல. அந்தப் புள்ள மட்டும் ஒண்ணு கேட்டுச்சு. 'அவருகிட்டயே லேத்து இருக்குதல்லங்க, அப்புறம் எதுக்குங்க இன்னொரு லேத்தப் போயி பாக்கறாரு?'ன்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. எதுக்குடா கண்ணு?"

பதில் எனக்குத் தெரியும். ஆயுத பூஜைக்கு அவள் வைத்த சந்தனம் எங்கள் லேத்தின் நெற்றியில் காய்ந்து ஒட்டியிருந்தது. எருமைகளை விற்று அதை வாங்கித் தந்தவள் அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள்.

"தெரியலம்மா" என்றேன்.