மூன்று விரல் கையுறை

தோட்டத்துப் பள்ளியில் நான் பாடம் சொல்லிக்கொடுக்காத பிள்ளையே மலேசியாவின் கேமரன் மலையில் கிடையாது. தேயிலைச் செடிகள்கூட என்னைக் கண்டால் எழுந்து நிற்கும். செடி எப்போதும் நின்றுகொண்டுதான் இருக்கிறது என்பது உண்மைதான். பிள்ளைகளிலும் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் வடிவம்மாளைப் பற்றி எழுதும்போது எனக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அவளுடைய மருமகள் செல்லம் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் எட்டிப் பார்க்கிறாள்.

வடிவம்மாளுக்குப் பிறவியிலேயே இடது கையில் மூன்று விரல்தான். முதல் நாள் வேலைக்குப் போனபோது கங்காணி அந்தக் கையைப் பார்த்துவிட்டு, புல் வெட்டப் போகச் சொன்னார்.

"கொழுந்து கிள்ள ரெண்டு விரல் போதும் கங்காணி. எனக்கு ஒண்ணு மிச்சம். ஒங்களுக்குத்தான் மூணு விரல் சும்மா இருக்கு" என்றாள்.

அன்று மாலை நிறுவையில் அவள் கூடை மற்றவர்கள் கூடைக்குக் குறையவில்லை. அதன்பிறகு யாரும் அவளைப் புல் வெட்டச் சொல்லவில்லை.

கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து, படைத்ததைப் பார்த்துத் திருப்திப்பட்டார் என்று வேதக்கோவிலில் படிப்பார்கள். நான் அதைப் பாடமாகத்தான் கேட்டேன். அவள் தன் கையைப் பற்றிய செய்தியாகக் கேட்டாள். "செஞ்சிட்டு அப்படியே போயிடல டீச்சர், பார்த்திருக்காரு. கங்காணி கூடையக் கிளறிப் பார்த்து முத்தின எலையப் பொறுக்கி வீசுறாருல்ல? அப்படிப் பார்த்தும் என்னைய வீசல" என்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் செல்லத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதே இடது கை, அதே மூன்று விரல். கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று கத்தியைத் தொட்டிருப்பாள் என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் பேசிவிடுவார்களோ என்று செல்லம் பயந்தாள். உண்மையிலேயே அவள் அன்றைக்கு பீன்ஸ் நறுக்கியிருந்தாள். அந்த பீன்ஸ் அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

எங்கள் குளிருக்கு எல்லாக் குழந்தைக்கும் கையில் கம்பளி உறை உண்டு. விரல் பிரிக்காத பை மாதிரி இருக்கும். அதனால் ஐந்து மாதமாக யாருக்கும் தெரியவில்லை. ஞானஸ்நானத்துக்கு இரண்டு முறை நாள் குறித்தும், பிள்ளைக்குச் சளி என்று செல்லம் தள்ளிப்போட்டாள். மூன்றாவது முறை குறித்தபோது வடிவம்மாள் கம்பளி நூல் வாங்கிவந்தாள். எடுத்த எடுப்பில், ஒரு கண்ணி தவறாமல் பின்னி முடித்தாள். வலது உறைக்கு ஐந்து விரல். இடது உறைக்கு மூன்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை நீட்டியதும் செல்லம் வாங்கத் தயங்கினாள்.

"இதப் போட்டா ஊரே எண்ணும் அத்தை."

"எண்ணட்டும். மூணு வரைக்கும்தானே, சீக்கிரம் முடிஞ்சிரும்."

"நான் கிரகணத்துல பீன்ஸ் நறுக்கினேன்."

"உன் கத்திக்கு அவ்வளவு அதிகாரமா? வானத்தையும் பூமியையும் செஞ்சவரு புள்ளையச் செஞ்சிட்டு இருக்காரு, நீ அடுப்படியில இருந்து அவரு கையத் தட்டி விட்டுட்டியா? எங்கம்மாவையும் இதயே சொல்லித்தான் அழ வச்சாங்க."

"அப்ப ஏன் அஞ்சு வைக்கல?"

"தெரியாது. அவருகிட்ட போனா கேட்டுக்குறேன். தப்பா செஞ்சிட்டாருன்னு மட்டும் சொல்லாத."

தானா ராத்தா ஊர்க் கோவிலுக்குப் போகும் லாரியில் செல்லம் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். குழந்தையின் கையில் பழைய பைதான் இருந்தது. பாதிரியார் பெயரைக் கேட்டபோது அவள் எழுந்தாள். அந்தப் பையைக் கழற்றினாள். புது உறையை எடுத்து ஒவ்வொரு விரலாக நுழைத்தாள். அவசரப்படவே இல்லை. பிறகுதான் "கிருபை" என்று பெயரைச் சொன்னாள்.

பின்வரிசையில் இருந்த அம்மாக்கண்ணு, லயத்திலேயே நீண்ட நாக்குக்காரி, கழுத்தை நீட்டிப் பார்த்தாள். மூன்று வரை எண்ணியிருப்பாள். அப்புறம், "யாரு பின்னுனது? அளவு சரியா இருக்கே" என்றாள்.

எண்பத்து நான்கில் கிருபை என் வகுப்பில் இருந்தாள். கேள்வி கேட்டு முடிப்பதற்குள் இடது கையைத்தான் தூக்குவாள். வடிவம்மாள் அதற்குப்பின் இரண்டு வருடம் கொழுந்து பறித்துவிட்டு, கூடையை இறக்கிவைத்தாள். அவள் விசுவாசத்தில் ஒருநாளும் ஒரு சின்னக் கீறல்கூட விழுந்ததில்லை.

இந்த வரியை எழுதும்போது செல்லம் என் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பு டீச்சர். அத்தை எடுத்த எடுப்புல மூணு விரல் பின்னல. மொதல்ல அஞ்சும் பின்னிட்டாங்க. ஞானஸ்நானத்தன்னைக்கு விடியக்காலைல அடுப்படியில உக்காந்து ரெண்டு விரலயும் பிரிச்சாங்க. பிரிக்கும்போது அழுதாங்க, நான் கதவோரமா நின்னு பார்த்தேன். அப்புறம் மூக்கச் சிந்திட்டு, உறைய வெளிச்சத்துல தூக்கிப் பார்த்து, நல்லாத்தான் இருக்குன்னாங்க. அதப் பார்த்துத்தான் புள்ளைக்குப் போட்டேன். நீங்க எழுதுற மாதிரி அவங்க பேச்சக் கேட்டு இல்ல."