ஒன்வே போட்ட காடு

மழைக்காலத்தில் எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டின் பின்சுவரில் பச்சை படர்ந்து நனைந்த பாசியின் வாசனை லேசாக எழும்போதெல்லாம், கையிலிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு, கொடைக்கானலுக்கு அப்பால் ஒரு சோலைக்காட்டுக்குள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்த ஒன்பது வயதுப் பெண்ணாகிவிடுகிறேன்.

அந்த வருடம் தை மாதத்தில் என் தம்பி காய்ச்சலில் போய்விட்டான். நாலு வயது. அப்பா திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ஓடும் ஒரு தனியார் டவுன் பஸ்ஸில் டிரைவர். எல்லாம் முடிந்த மறுநாளே காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டி எடுக்கப் போய்விட்டார். அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீரை யாரும் பார்க்கவில்லை. அம்மாவால் தாங்க முடியாமல் போனது அதுதான். "பெத்த மனசா அது, கருங்கல்லு" என்று ஒருமுறை சொன்னாள். அதோடு அவரிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். "சாப்பிட வரச் சொல்லுடி உங்க அப்பாவ." "பசிக்கலன்னு சொல்லும்மா உங்க அம்மாகிட்ட." இரண்டே அறை கொண்ட வீட்டில் நான் தபால்காரியானேன்.

கோடை விடுமுறையில், இடம் மாறினால் மனசும் மாறும் என்று நினைத்து அப்பா எங்களைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனார். அம்மா கிளம்பியது வேறு எண்ணத்தில். திருச்சிக்குத் திரும்பும் பஸ் வையம்பட்டி வழியாக வரும். அங்கே என் மாமா வீடு. "வர்றப்போ நீயும் நானும் வையம்பட்டியில எறங்கிக்கிறோம். இனிமே அங்கதான். அப்பாகிட்ட சொல்லிடு" என்றாள். சொன்னேன். அப்பா செருப்பு வாரை மாட்டிக்கொண்டே, "சரின்னு சொல்லு" என்றார். அவ்வளவுதான். எனக்கு அழுகை முட்டியது. யாரிடம் போய் அழுவது என்றுதான் தெரியவில்லை.

அந்தச் சோலைக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை மரங்களுக்கு நடுவே பெரிய வட்டமாகச் சுற்றி, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேரும். பாதை பிரியும் இடத்தில் ஒரு பலகை. அதில் வலப்பக்கம் காட்டும் அம்பு. பக்கத்தில் நின்ற காவலாளி சும்மா இருந்திருக்கலாம். "நடுவுல மலைக்காரங்க கும்பிடுற அம்மன் கல்லு இருக்குங்க. அதச் சுத்தித்தான் பாதை போவுது" என்று சொல்லித் தொலைத்தார்.

வந்ததே வினை! அம்மா காய்கறி வாங்கப் போனால்கூட, கொஞ்சம் சுற்றானாலும் கோயிலை வலமாக வந்து போகிறவள். அம்பு காட்டிய பக்கம் போனால் அம்மன் இடக்கைப் பக்கம் அல்லவா வருவாள்? "இடமா சுத்துறது எழவுக்குத்தான். இந்த வருஷம் நான் சுத்தினது போதும்னு சொல்லு" என்றாள். அப்பாவுக்கோ சாலையில் போட்ட அம்பு சாமி மாதிரி. "போர்டு வெச்சிருக்கான்ல? ஒன்வேன்னா ஒன்வேதான், எதிர்ல போகக் கூடாதுன்னு சொல்லு." கையை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கிற இருவருக்கும் நடுவில் நின்று, ஒருவர் சொன்னதை மற்றவருக்கு நான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். காவலாளி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

கடைசியில் அம்மா விடுவிடுவென்று இடப்பக்கப் பாதையில் இறங்கிவிட்டாள். அப்பா என் முதுகில் கைவைத்து, "அம்மாவத் தனியா விடாத, ஓடு" என்று தள்ளிவிட்டு, அம்பு காட்டிய பக்கம் போனார்.

அப்படியொரு ஈரத்தை நான் கண்டதில்லை. எங்கள் ஊரில் மே மாத வெயில் ரோட்டுத் தாரை உருக்கிக்கொண்டிருக்கும். இங்கே வெள்ளைப் பாசி தாடியாகத் தொங்கும் மரங்கள், ஆளுயரப் பெரணிச் செடிகள், நின்றுபோன மழையை விடாமல் சொட்டிக்கொண்டிருக்கும் இலைகள். காலடியில் சருகு மெத்தென்று அமுங்கியதே தவிரச் சத்தம் எழவில்லை. பனி இறங்க இறங்க, முன்னால் போகும் அம்மாவே பாதிதான் தெரிந்தாள். அவள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்; ஸ்லோகமா, தம்பியின் பெயரா, தெரியவில்லை.

பாதி வட்டம் வந்திருப்போம். பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. ஏதோ விலங்கு என்று நான் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அம்மா அசையாமல் நின்றாள்.

அது அப்பா. விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல், காட்டில் யாருமில்லை என்ற தைரியத்தில் உட்கார்ந்து, "டேய் ராஜா, டேய் ராஜா" என்று தம்பியைக் கூப்பிட்டுக் கதறிக்கொண்டிருந்தார். தொடையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் பின்னாலேயே நாங்கள் நடந்திருந்தால் முதுகைத்தான் பார்த்திருப்போம். நாங்கள் கூட வந்திருந்தால் அவர் அழுதிருக்கவே மாட்டார். எதிராக வந்ததால் முகத்தைப் பார்த்தோம்.

அம்மா மெல்லப் போய் அவர் எதிரில் குனிந்தாள். அவர் கணுக்காலில் ரத்தம் குடித்து உப்பியிருந்த அட்டையைப் பிய்த்து எறிந்தாள். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். "எந்திரிங்க. பனி எறங்குது, தலையில ஒண்ணுமில்லாம உக்காந்திருக்கீங்க" என்றாள். என் வழியாக அல்ல, அவரிடமே. எழுந்தவர், ஆயுசுக்கும் ஒன்வேயில் எதிரே போகாத அந்த மனுஷன், திரும்பி எங்களோடு அம்மா போய்க்கொண்டிருந்த திசையிலேயே, அம்புக்கு எதிராக நடந்தார். வெளியே வந்ததும் காவலாளி, "போர்டு எதுக்குங்க வெச்சிருக்கோம்?" என்று சத்தம் போட்டார். அப்பா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் பஸ்ஸில் துணிப்பை அம்மாவின் மடியிலேயே இருந்தது. "வையம்பட்டி எறங்கு, வையம்பட்டி!" என்று கண்டக்டர் கத்தியபோது நான் அம்மாவின் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பையைத் தூக்கி அவரிடம் நீட்டினாள். "மடி வலிக்குது. இத மேல வைங்க."

அப்பா போய் இரண்டு வருடமாகிறது. போன ஐப்பசியில் அம்மாவை மறுபடி அங்கே கூட்டிப்போனேன். பாதைக்கு சிமெண்டுக் கல் பதித்துவிட்டார்கள். மரப்பலகை போய் இரும்புப் பலகை வந்திருக்கிறது; அம்பு மட்டும் அதே பக்கம்தான் காட்டுகிறது. ஏற்றத்துக்கு அதுதான் சுலபமாம். அம்மாவின் முழங்காலை நினைத்து, "அம்மனுக்கு ஒண்ணும் கோவம் வராதும்மா, இப்படியே போலாம்" என்றேன்.

"அம்மனுக்காக இல்லடி. அவரு அந்தப் பக்கமாத்தானே போனாரு. நான் இப்படிப் போனாத்தான் எதிர்ல பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு இடப்பக்கம் திரும்பினாள்.

பாதி வட்டத்தில் அந்த மரம் இல்லை. மக்கி மண்ணாகி, அதன்மேல் பெரணி முளைத்திருந்தது. அம்மா அங்கே நின்று, பனி விலகும்வரை பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, குளிருக்கென்று பையில் கொண்டுவந்திருந்த அப்பாவின் மஃப்ளரை எடுத்து அந்தப் பெரணியின் மேல் போர்த்திவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.